திங்கட்கிழமைக்கு முந்தைய விடுமுறை

எல்வியோ புசெத்தோ முப்பத்தோரு வருடம் வெனிஸ் நகரத்தின் குப்பையை அள்ளியவன். கால்வாய் கால்வாயாகப் படகில் போய், வாசல்களில் வைத்திருக்கும் பைகளை வாரி வந்து, படகின் வயிற்றில் கொட்டி நசுக்கி, மதியத்துக்குள் காயலின் அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஜோடி ஜோடியாக வந்து இறங்குகிறவர்கள் அந்த ஊரில் எதையெதையோ பார்த்துவிட்டுப் போனார்கள். எல்வியோ பார்த்ததெல்லாம் அவர்கள் விட்டுவிட்டுப் போனதை. காலி ஒயின் பாட்டில்கள், இன்னும் வாடாத ரோஜாக் கொத்து, நாலாய்க் கிழித்த கடிதம், ஒரு தடவை வெள்ளைப் பட்டுச் செருப்பு, ஒற்றையாக. "காதலிக்கிறவங்க நெறைய வாங்குறாங்க, பாதியைத் தின்னாம வச்சுடறாங்க" என்பான். காதலைப் பற்றி அவன் வாயிலிருந்து வந்த ஒரே கருத்து அதுதான்.

அப்படிப்பட்டவன் அறுபத்தேழாவது வயதில், ஒரு ஜனவரி மாதக் கடைசியில், மனைவி நிவேசோடு அதே ஊரில் ஹோட்டல் அறை எடுத்துத் தங்கினான். வியாழக்கிழமை போய், திங்கட்கிழமை காலையில் திரும்புவதாகத் திட்டம்.

கல்யாணமாகி நாற்பத்தொரு வருடத்தில் அவர்கள் இருவரும் எங்கேயும் போய்த் தங்கியதில்லை. கல்யாணத்துக்கு மறுநாள் கடற்கரைத் தீவுக்குப் போய் மணலில் உட்கார்ந்து பொரித்த மீன் தின்றுவிட்டு, சாயங்காலப் படகில் வீடு திரும்பினார்கள். அதற்குப் பிறகு போகலாம் போகலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள், ஒரு கட்டத்தில் அதுவும் நின்றுபோனது. ஆகவே எல்வியோ திடீரென்று ஹோட்டல் பேச்சை எடுத்தபோது நிவேஸ் அவன் ஊட்ட நீட்டிய கரண்டிக்கு வாயைத் திறக்காமல் அவனைப் பார்த்தாள்.

"யாரு செத்தது?" என்றாள்.

"யாரும் சாகல. சும்மா போலாம்னு தோணிச்சு."

"நாப்பத்தொரு வருஷமா தோணாதது இப்ப எப்படித் தோணிச்சு? டாக்டர் உனக்கு ஏதாவது சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லல. வரியா, வரலையா?"

"வரேன். யாரு வரலேன்னா? ஆனா தரைத்தளத்துல ரூம் பாரு. மாடி ரூமெல்லாம் சின்னப் பொண்ணுங்களுக்கு."

நிவேசுக்கு நரம்பு நோய். ஐம்பது வயதில் வலது காலில் ஆரம்பித்தது. முதலில் கைத்தடி, பிறகு நாலுகால் பிடிமானம், கடைசி ஆறு வருடமாகச் சக்கர நாற்காலி. கைகளும் இப்போது சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நாக்கு மட்டும் பழைய மாதிரியே இருந்தது. அதை நோய் கடைசியாகத்தான் தொடும் என்று அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அக்டோபர் மாதம் எல்வியோ அவளைக் குளியல் தொட்டியிலிருந்து தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். அவளும் அவன்மேல் சரிந்தாள். ஈரத் தரையில் இரண்டு பேரும் மூன்று மணிநேரம் கிடந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி எதேச்சையாகக் கதவைத் தட்டியதால் தப்பித்தார்கள். இனி ஒரு பால் பெட்டிகூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். பிள்ளை குட்டி கிடையாது. உதவிக்கு வரும் பெண் வாரத்தில் மூன்று காலை மட்டும் வருவாள். மற்ற நாளெல்லாம் எல்வியோ டாக்டர் சொன்னதை மறந்தவன் போலத் தூக்கிக்கொண்டுதான் இருந்தான். நவம்பரில் ஒரு நாள் சமூகநலப் பெண்மணி கொண்டுவந்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டான். "என்ன காகிதம்?" என்று நிவேஸ் உள்ளறையிலிருந்து கேட்டாள். "பென்ஷன் காகிதம்" என்றான்.

ஜனவரி இரண்டாவது வாரம் பதில் வந்தது. மிரானோ ஊருக்குப் பக்கத்தில் ஒரு பராமரிப்பு இல்லம். பெண்கள் பிரிவில் ஒரு படுக்கை காலியாகியிருக்கிறது. காலியாகியிருக்கிறது என்றால் யாரோ செத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை பகல் பதினோரு மணிக்குள் அழைத்து வர வேண்டும். வண்டியும் அவர்களே அனுப்புவார்கள். எல்வியோ அந்தக் கடிதத்தை நாலாய் மடித்துக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டான். வீட்டில், அந்த நாற்காலிக்கும் அடுப்புக்கும் நடுவில் நின்று அதைச் சொல்ல அவனால் முடியவில்லை. அங்கே போய்ச் சொல்லிவிடலாம், வெயிலில் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு கோப்பை குடித்துவிட்டு, நிதானமாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். விடுமுறை என்ற எண்ணம் அப்படித்தான் வந்தது.

அவர்கள் இருந்தது மார்கேராவில், தொழிற்சாலைகளுக்குப் பின்னால் இருக்கும் அடுக்குமாடி வீட்டில். அங்கிருந்து பாலத்தைத் தாண்டி பஸ்ஸில் இருபது நிமிடம். வெனிஸில் அவர்கள் குடியிருந்த வீட்டை வீட்டுக்காரர் விற்றபோது, இரண்டு வருடத்துக்கு என்று சொல்லித்தான் மார்கேராவுக்குப் போனார்கள். போய் இருபது வருடம் ஆகிவிட்டது. ஓய்வு பெறும்வரை தினமும் எல்வியோ மட்டும் வேலைக்காகப் போய் வந்தான். நிவேசுக்கு அங்கே போக ஒரு காரணமும் இல்லாமல் போனது. நாற்காலி வந்தபிறகு காரணம் இருந்தும் போக முடியவில்லை. அந்த ஊரில் எங்கே திரும்பினாலும் பாலம். எந்தப் பாலத்துக்கும் படி.

ஹோட்டல், பஸ் நிலையத்திலிருந்து பாலம் ஏறாமல் பயணிகள் படகிலேயே வந்து இறங்கக்கூடிய சான் பசிலியோ படகுத்துறைக்குப் பக்கத்தில் இருந்தது. ஆறே அறைகள். ஃபௌஸ்தா என்ற விதவை அம்மாள் நடத்தினார்கள். சமையலறைக்கு அடுத்தாற்போலிருந்த தரைத்தள அறையைத் திறந்துவிட்டு, கதவின் அகலத்தையும் நாற்காலியின் அகலத்தையும் கண்ணாலேயே அளந்தார்கள்.

"தேனிலவா?" என்றார்கள் ஃபௌஸ்தா.

"ஆமா. முடிவு பண்ண இவருக்கு நாப்பது வருஷம் ஆச்சு" என்றாள் நிவேஸ்.

அறைக்குள் போனதும் அவள் முதலில் கேட்டது படுக்கை விரிப்பின் ஓரத்தைத்தான். எல்வியோ இழுத்துக் கொடுத்தான். விரல்களால் பிடிக்க முடியாததால் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். பெரிய ஹோட்டல் ஒன்றின் இஸ்திரி அறையில் இருபத்திரண்டு வருடம் நின்றவள் அவள்.

"இதை இஸ்திரி போட்டவ புருஷன்மேல கோவமா இருந்திருக்கா. மடிப்பைப் பாரு, வெட்டற மாதிரி இருக்கு."

"உன் மடிப்பு எப்படி இருக்கும்?"

"என் மடிப்புல யாரும் எழுந்திரிக்கவே மாட்டாங்க. பன்னெண்டு மணி வரைக்கும் தூங்குவாங்க."

அவர்கள் சந்தித்துக்கொண்டதும் அவள் வேலை பார்த்த அந்தப் பெரிய ஹோட்டலில்தான். ஹோட்டலின் பின்பக்கம், கால்வாயில் திறக்கும் கதவு. ஒரு நாள் காலையில் நிவேஸ் குப்பைப் பைக்குப் பதிலாக, இஸ்திரி போட்டு அடுக்கிய நாப்கின் பையை வெளியே வைத்துவிட்டாள். படகு எடுத்துக்கொண்டு போய்விட்டது. மேற்பார்வைக்காரி வேலையை விட்டுத் துரத்துவேன் என்று கத்திக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு மணிக்கு முன் எல்வியோ அந்தப் பையோடு வந்து நின்றான். கேள்விப்பட்டதும், நசுக்குவதற்கு முன் நாற்பது பைகளைக் கையாலேயே கிழித்துத் தேடியிருக்கிறான். நாப்கின்கள் வெள்ளையாக இருந்தன. அவன் தலையிலிருந்து காப்பித்தூளும் மீன் செதிலும் வழிந்தது. "அவ்வளவு நாத்தம் அடிச்சவனை வேண்டாம்னு சொல்ல எனக்கு மனசு வரல" என்று அவள் பிறகு எல்லோரிடமும் சொல்வாள்.

வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அகன்ற கரையோரம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனான். பனிமூட்டம் விலகி வெயில் வந்திருந்தது. தண்ணீருக்கு மேல் மரத்தளம் போட்டு மேசைகள் வைத்திருந்தார்கள். ஆரஞ்சு நிற ஸ்பிரிட்ஸ் மது இரண்டு கோப்பையும், திருவிழாக் காலத்துக்கு முன்பே கடைகளில் வந்துவிடும் உலர்திராட்சைப் போண்டா நாலும் வாங்கினான். அவள் உறிஞ்சுகுழாயால் குடித்தாள். போண்டாவை அவன் பிட்டுப் பிட்டு வாயில் வைத்தான். பக்கத்து மேசையில் ஒரு இளம் ஜோடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு காப்பியை ஆறவிட்டுக் கொண்டிருந்தது. யாருக்கும் எந்த அவசரமும் இல்லை.

"நிவேஸ், ஒண்ணு சொல்லணும்."

"பாத்ரூம் போகணுமா?"

"இல்ல."

"அப்ப பொறவு சொல்லு. வெயில் போயிடும்."

அவன் இன்னொரு போண்டாவைப் பிட்டான். அன்றைக்குச் சொல்ல முடியாமல் போனதற்கு அவள்தான் காரணம் என்று அன்று படுக்கும்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அது கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அவள், "வீட்டைப் பாக்கணும்" என்றாள்.

அவர்கள் குடியிருந்த வீடு ஆஞ்சலோ ரஃபாயேல் தேவாலயத்துக்கு எதிர்க்கரை. தேவாலயம் வரை பாலமில்லாமல் நாற்காலியில் போய்விடலாம். அதற்குப் பிறகு குறுகலான ஒரு கால்வாய். இந்தக் கரையில் நின்று உரக்கப் பேசினால் அந்தக் கரையில் கேட்கும். எல்வியோ நாற்காலியைத் தண்ணீர் ஓரம் நிறுத்தி, சக்கரத்துக்குப் பூட்டுப் போட்டான். வீடு மஞ்சள் பூசியிருந்தது. முன்பு பெயர்ப்பலகை இருந்த இடத்தில், எண்களை அழுத்தினால் சாவி வரும் சிறு இரும்புப் பெட்டி ஒன்று இருந்தது. வருகிறவர்கள் நாலு நாள், ஐந்து நாள் தங்கிவிட்டுப் போகும் வீடாகியிருந்தது அது.

அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாடி ஜன்னல் திறந்தது. தலையைத் துவட்டியபடி ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். பின்னாலிருந்து ஒரு பையன் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு தோளில் முகவாயை வைத்தான். கீழே நாற்காலியில் இருந்த கிழவி தங்களையே பார்ப்பதைக் கண்டு, அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினாள்.

"கையைத் தூக்கு, கையைத் தூக்கு" என்றாள் நிவேஸ். எல்வியோ அவள் வலது கையைப் பிடித்துத் தூக்கி ஆட்டினான்.

"நம்ம படுக்கையறை" என்றாள்.

"ஆமா."

"அந்த ஜன்னல் கொக்கி சரியா விழாது. சொல்லணும் அவங்ககிட்ட." கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு அந்தப் பக்கம் போகணும், எல்வியோ. உள்ள வேண்டாம். வாசல்ல நின்னா போதும். அந்தக் கதவைத் தொடணும்" என்றாள்.

எல்வியோ பாலத்தைப் பார்த்தான். ஏறுவதற்குப் பதினொன்று, இறங்குவதற்குப் பத்துப் படிகள். எத்தனையோ ஆயிரம் தடவை தள்ளுவண்டியோடு ஏறி இறங்கியவன். நாலு ஆட்களை நிறுத்தினால் நாற்காலியைத் தூக்கிவிடுவார்கள், அந்த ஊரில் யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. ஆனால் ஐந்து வருடத்துக்கு முன் ஒரே ஒரு தடவை இந்த ஊர் மருத்துவமனைக்கு வந்தபோது அப்படித் தூக்கியவர்களில் ஒருவன் கால் வழுக்கி, நிவேஸ் படிகளில் உருண்டு தோள்பட்டை எலும்பு முறிந்தது. அன்றிலிருந்து பாலத்தில் தூக்குவது என்றாலே அவளுக்கு உடம்பு விறைத்துவிடும்.

"தூக்கச் சொல்லவா?" என்று கேட்டான்.

"வேண்டாம்னு தெரிஞ்சுட்டே கேக்கறே பாரு."

அப்போதுதான் கால்வாயின் வளைவிலிருந்து பழகிய என்ஜின் சத்தம் கேட்டது. குப்பைப் படகு. ஓட்டி வந்தவன் ஒத்தோரீனோ. எல்வியோவிடம் வேலை கற்று, பதினாறு வருடம் அவனோடு அதே படகில் போனவன். ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் இருந்தது.

"டேய், யாருடா அது! பொணம் எந்திரிச்சு வந்துடுச்சு!" என்று தண்ணீரிலிருந்தே கத்தினான். பிறகு நாற்காலியைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினான். "நிவேஸ்! இன்னுமா இவனை வச்சுக் காலம் தள்ளறே?"

"எங்க கொண்டுபோய்ப் போடறதுன்னு தெரியலடா. நீ இந்தச் சரக்கெல்லாம் எடுப்பியா?"

"இவ்வளவு பெருசு எடுக்க முன்னாடியே போன் பண்ணிச் சொல்லணும்."

அவள் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. ஒத்தோரீனோ படகைக் கரையில் ஒட்டி நிறுத்தி விஷயத்தைக் கேட்டான். ஒரு நிமிடம் யோசித்தான். "நாளைக்குச் சுத்து முடிஞ்சதும் படகு காலியா இருக்கும். பத்து மணிக்குப் படகுத்துறைக்குக் கூட்டிட்டு வா. ஏத்தி அந்தக் கரையில எறக்கிடறேன். யாராவது பாத்துப் புகார் பண்ணா, ஒரு வருஷம் முன்னாடியே வீட்டுக்குப் போறேன். எம் பொண்டாட்டிக்குத்தான் கஷ்டம்."

சனிக்கிழமை காலையில் நிவேஸ் உதட்டுச்சாயம் போடச் சொன்னாள். எல்வியோ போட்டது கோணலாகிவிட்டது. துடைத்துவிட்டு மறுபடி போட்டான். படகுத்துறை மிதவை ஆனதால் படகும் அதுவும் ஒரே மட்டத்தில் இருந்தன. இரண்டு பலகைகளைப் போட்டு நாற்காலியை உருட்டி ஏற்றுவதில் ஒரு சிரமமும் இல்லை. ஒத்தோரீனோ படகை நாலு தடவை கழுவியிருந்தான். ஆனாலும் வாடை போகவில்லை.

அந்தக் கால் மணிநேரத்தை எல்வியோ பிறகு பலமுறை நினைத்துக்கொண்டான். நசுக்கும் இயந்திரத்துக்கும் பாரம் தூக்கும் இரும்புக் கரத்துக்கும் நடுவே, கழுத்துவரை போர்வை சுற்றி, சிவந்த உதட்டோடு நிவேஸ் உட்கார்ந்திருந்தாள். எதிரே வந்த கொண்டோலாச் சவாரிப் படகில் ஒரு ஜோடி மூக்கைப் பொத்திக்கொண்டது. "ஆட்டு" என்றாள் அவள். எல்வியோ அவள் கையைத் தூக்கி ராணி மாதிரி ஆட்டினான். கொண்டோலாக்காரன் தொப்பியைத் தொட்டு வணங்கினான். இருபது வருடமாக அவள் பார்க்காத சுவர்களும் நீர்வாசல்களும் அவள் முகத்துக்கு நேராக, மெதுவாக நகர்ந்தன. "இந்த வழியாத்தான் நீ தினமும் போவியா?" என்று கேட்டாள். "ஆமா." "நல்லா இருக்குடா. எனக்குச் சொல்லவே இல்லையே நீ."

இப்போது சொல்லிவிடலாம் என்று எல்வியோவுக்குத் தோன்றியது. ஒத்தோரீனோ இருக்கிறானே என்று விட்டுவிட்டான்.

ஜனவரிக் கடைசியில், வானம் தெளிந்திருக்கும் நாட்களில், காயல் நீர் மிகவும் கீழே இறங்கிவிடும். முப்பத்தோரு வருடம் படகில் போனவனுக்கு அது தெரியும். தெரிந்தும் அன்று அவன் நினைக்கவில்லை. ஆஞ்சலோ ரஃபாயேல் கால்வாயில் திரும்பியபோது அடிச்சேறு தெரிந்தது. படகு மெல்ல ஊர்ந்து எதிர்க்கரையை அடைந்து நின்றபோது, கரையின் கல்விளிம்பு எல்வியோவின் நெஞ்சுக்கு மேலே இருந்தது. நீர்ப்படிகளில் பச்சைப்பாசி வழவழத்தது. மேலே, கைநீட்டினால் தொடலாம் போலத் தெரிந்த தூரத்தில், அந்தக் கதவு.

ஒத்தோரீனோ சிகரெட்டைப் பற்றவைத்தான். "தண்ணி ஏற சாயங்காலம் ஆகும். நான் ஒரு மணிக்குப் படகைத் திருப்பிக் குடுக்கணும்." பிறகு தூக்கும் கரத்தை நிமிர்ந்து பார்த்தான். "நாற்காலியோட சேத்து வாரைப் போட்டுக் கட்டி, கொக்கியில மாட்டி மேல வச்சுடலாம். போன மாசம் ஒரு பியானோவையே தூக்கியிருக்கேன்."

"பியானோவைத் தூக்கினவன் என்னையும் தூக்கலாம். நான் கத்தாம இருப்பேன், அது கத்தும்" என்றாள் நிவேஸ்.

"வேணாம்" என்றான் எல்வியோ.

"ஒண்ணும் ஆகாதுடா. நான் பாத்துக்கறேன்."

"வேணாம்னா வேணாம்."

"எனக்குப் பயமில்ல, எல்வியோ. பாலத்துல ஆளுங்க தூக்கறதுக்குத்தான் பயம். இது இரும்பு. கட்டச் சொல்லு."

"விழுந்துட்டீன்னா?" எல்வியோவின் குரல் உயர்ந்துவிட்டது. "விழுந்து ஏதாவது முறிஞ்சா திங்கக்கிழமை உன்னைச் சேத்துக்க மாட்டாங்க! உடம்பு சரியில்லாம வந்தா படுக்கை அடுத்த ஆளுக்குப் போயிடும்னு எழுதியிருக்கான். மறுபடி வரிசையில யாரு காத்திருக்கறது?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரிந்தது. ஒத்தோரீனோ முகத்தைத் திருப்பிக்கொண்டு, அணைந்திருந்த என்ஜினை வெறித்தான். மேலே எங்கேயோ யாரோ ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தினார்கள்.

நிவேஸ் அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "எந்த ஊரு?" என்று கேட்டாள்.

"மிரானோ பக்கம்."

"ரூம்ல எத்தனை பேரு?"

"மூணு பேரு. உன்னோட சேத்து."

"ஜன்னல் இருக்கா?"

"இருக்குன்னு சொன்னாங்க."

அவள் அந்தக் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஒத்தோரீனோ, படகைத் திருப்புப்பா. உனக்கு வேலை இருக்கும்" என்றாள்.

திரும்பி வரும் வழியில் எதிரே வந்தவர்களுக்குக் கையாட்டச் சொல்லவில்லை.

அறைக்கு வந்ததும் எல்வியோ கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் அழுதான். அவள் அவனை நிறுத்தச் சொல்லவில்லை. தேற்றவும் இல்லை. அழுது முடியும்வரை காத்திருந்தாள்.

"திட்டு. என்னைத் திட்டு, நிவேஸ்."

"எதுக்கு? நானா இருந்தா போன வருஷமே பண்ணியிருப்பேன். நீ குளியலறையில விழுந்த அன்னைக்கே எனக்குத் தெரியும், இதுக்கு மேல ஓடாதுன்னு."

"அப்ப எதுக்கு இப்படிப் பாக்கறே?"

"நானா இருந்தா சொல்லிட்டுப் பண்ணியிருப்பேன். பென்ஷன் காகிதம்னு சொல்லியிருக்க மாட்டேன்."

அவன் கடிதத்தை எடுத்தான். "வேண்டாம்னு போன் பண்ணிடறேன். இப்பவே பண்றேன். நீ வீட்லயே இரு."

"சரி, பண்ணு. செவ்வாய்க்கிழமை என்னை யாரு தூக்குவா?"

அவன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"பாத்தியா?" என்றாள். அவள் குரலில் ஒரு சின்னக் குத்தல்கூட இல்லை. இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் பரவாயில்லாமல் இருந்திருக்கும்.

வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்று அவன் கேட்டதற்கு அவள் ஒப்புக்கொள்ளவில்லை. விடுமுறை ஞாயிறு வரைக்கும் என்றால் ஞாயிறு வரைக்கும்தான் என்றாள். ஆகவே இருந்தார்கள். ஃபௌஸ்தா கணவாய் மீனை அதன் மையிலேயே சமைத்து, சோளக்களியோடு அறைக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். இருவரும் சாப்பிட்டார்கள். நன்றாக இருக்கிறது என்று இருவரும் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் தலைக்குக் குளிப்பாட்டச் சொன்னாள். அங்கே போனால் வாரத்துக்கு ஒரு தடவைதான் தலையில் தண்ணீர் ஊற்றுவார்கள், அதையும் யாரோ ஊற்றுவார்கள் என்றாள். எல்வியோ நாற்காலியைக் கைகழுவும் தொட்டிக்கு முதுகுகாட்டி நிறுத்தி, அவள் கழுத்துக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து, கோப்பை கோப்பையாக வெந்நீர் ஊற்றினான். சோப்பு கண்ணில் படாமல் நெற்றியில் கையை அணை மாதிரி வைத்துக்கொண்டான். மெலிந்துபோன தலைமுடி. மண்டையோட்டின் வடிவம் முழுக்கக் கைக்குத் தெரிந்தது.

"மெதுவா பண்ணு. அவசரம் ஒண்ணுமில்லையே" என்றாள்.

அவன் மூன்று தடவை சோப்புப் போட்டான். தண்ணீர் ஆறியதும் மறுபடி வாங்கி வந்து ஊற்றினான். வாழ்நாளில் அவளை அவ்வளவு நேரம் தொட்டுக்கொண்டிருந்தது அதுதான் என்று அவனுக்குத் தோன்றியது. அவளுக்கு என்ன தோன்றியதோ, கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். துவட்டிவிட்டு வெயிலில் கொண்டுபோய் நிறுத்தினான். கப்பல்களைப் பார்த்துக்கொண்டு சாயங்காலம் வரை இருந்தார்கள். பேசியதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். குளிர்காலக் கோட்டு எந்த அலமாரியில் இருக்கிறது, மாமிசக்காரனிடம் எலும்பு கேட்டு வாங்குவது எப்படி, அவளுடைய சகோதரிக்கு யார் சொல்வது. அதை அவனே சொல்ல வேண்டும் என்றாள்.

திங்கட்கிழமை காலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வெள்ளை வண்டி வந்து நின்றது. ஓட்டுநர் நல்லவர். ஏணிப்பலகையை இறக்கி, நாற்காலியை ஏற்றி, நாலு பக்கமும் கொக்கி போட்டு இறுக்கினார். "வீட்டுக்காரரும் வராரா?" என்று கேட்டார். எல்வியோ முன்சீட்டில் ஏறிக்கொண்டான். பின்னால் திரும்பிப் பார்த்தால் அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மிரானோ வரும்வரை அப்படியே பார்த்தாள்.

பதினான்கு மாதம் அங்கே இருந்தாள். எல்வியோ ஒரு நாள் விடாமல் இரண்டு பஸ் மாறிப் போய் வந்தான். முதல் மாதங்களில் அவள் அறைக்காரிகளைப் பற்றிக் கதைகதையாகச் சொல்வாள். இடது கட்டில்காரி தன்னைப் பாதிரியாரின் அக்கா என்று சொல்லிக்கொண்டு இரண்டு பிஸ்கட் அதிகமாக வாங்குகிறாள். வலது கட்டில்காரி எல்வியோவைத் தன் புருஷன் என்று நினைத்து அவன் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். "அவளும் ஆளைச் சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்கா" என்பாள் நிவேஸ். கோடையில் வார்த்தைகள் குழற ஆரம்பித்தன. இலையுதிர் காலத்தில் ஆம், இல்லை என்று இரண்டு மட்டும் மிஞ்சின. பிறகு அவையும் போயின. பேசிப் பழக்கமில்லாத எல்வியோ, தினமும் அவள் பக்கத்தில் உட்காரும் ஒரு மணிநேரத்தை நிரப்ப வேண்டியதாயிற்று. வேறெதுவும் தெரியாததால், தன் பழைய குப்பைச் சுற்றைச் சொன்னான். முதல் வளைவில் ரொட்டிக்கடை, மூன்று பை. அடுத்தது வக்கீல் வீடு, ஒரு பை, காகிதம் மட்டும். அதற்கடுத்த படியில் நாய் படுத்திருக்கும். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். கேட்கிறாளா தூங்கிவிட்டாளா என்று அவனுக்குத் தெரியாது.

மார்ச் மாதம் ஒரு பகலில், அவன் இரண்டாவது பஸ்ஸுக்காகக் காத்திருந்த நேரத்தில் அவள் இறந்துபோனாள். நுரையீரலில் சளி. அவன் போய்ச் சேர்ந்தபோது விரிப்பை மாற்றியிருந்தார்கள்.

ஒத்தோரீனோ இப்போது ஓய்வு பெற்றுவிட்டான். வியாழக்கிழமைகளில் பஸ் பிடித்து மார்கேராவுக்கு வந்து எல்வியோவோடு சீட்டாடுவான். அவனைத் தவிர அந்த வீட்டுக் கதவை யாரும் தட்டுவதில்லை. ஒரு நாள் சீட்டைக் கலைத்துக்கொண்டே, நெடுநாளாக வயிற்றில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டான்.

"அவ உன்னை மன்னிச்சாளாடா, கடைசில?"

"கேக்கல."

"பதினாலு மாசம் இருந்துச்சே. பேச்சு இருந்தப்பவே கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா பதில் சொல்லியிருப்பா" என்றான் எல்வியோ. "சீட்டைப் போடு."

ஒத்தோரீனோ சீட்டைப் போட்டான்.